நகல் பரிசோதகர் இல்லாத கணினி

நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு நடைமுறை தெரிந்திருக்கும். நகல் தயாரானதும் அப்படியே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். மூலத்தோடு வைத்து ஒப்புநோக்கிய பிறகுதான் முத்திரை விழும். இதற்கென்றே தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களில் நகல் பரிசோதகர், நகல் வாசிப்பாளர் என்று தனிப் பணியிடங்கள் இருக்கின்றன. நகலெடுப்பது ஒரு வேலை, அது சரியா என்று பார்ப்பது வேறொரு வேலை என்பதை அந்த அமைப்பு என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

நம் கணினிகளில் முதல் வேலை மட்டும்தான் நடக்கிறது. ஆடிட்டர் அலுவலகமோ கல்யாண ஸ்டுடியோவோ, பேக்கப் மென்பொருள் ஒன்றை நிறுவி, இரவு பதினொரு மணிக்கு ஓடும்படி அமைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகு இரண்டே சமயங்களில் அது நினைவுக்கு வருகிறது. திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி வரும்போது ஒரு முறை. ஹார்ட் டிஸ்க் போன பிறகு, எடுத்துவைத்த நகல் திறக்காதபோது மறுமுறை.

இந்த இரண்டு சமயங்களிலும் நாம் திட்டுவது அந்த மென்பொருளைத்தான். அது நியாயமா? பேக்கப்பும் டிஸ்க் இமேஜும் பொய்த்துப் போகும்போது பழுது உண்மையில் எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இமேஜ் என்பது என்ன?

ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது கோப்பு பேக்கப். டிஸ்க் இமேஜ், அதாவது வட்டுப் படிமம், அதைவிடப் பெரிய காரியம். பார்ட்டிஷன்கள், கணினி கிளம்பத் தேவையான பூட் பகுதி, விண்டோஸ், நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் அமைப்புகள் என்று முழு வட்டையும் ஒரே கோப்பாகச் சுருட்டி வைப்பது. அதையே கோப்பாக வைக்காமல் இன்னொரு வட்டில் நேரடியாகப் பெயர்த்தால் அது க்ளோன். வட்டு செத்தாலும் அரை நாளில் பழைய கணினி அப்படியே எழுந்து நிற்கும் என்பதுதான் இமேஜின் வாக்குறுதி.

யூனிக்ஸ்காரர்கள் 1970களிலிருந்தே டிடி என்ற சிறு கட்டளையால் வட்டை பிட் பிட்டாக நகலெடுத்து வந்தார்கள். தனிக்கணினி உலகுக்கு இந்த வசதியைப் பரவலாகக் கொண்டுவந்தது கோஸ்ட். நியூசிலாந்தில் பைனரி ரிசர்ச் நிறுவனத்துக்காக 1995இல் மரே ஹாசார்ட் எழுதிய அந்த மென்பொருளை 1998இல் சைமன்டெக் வாங்கியது. கணினி மையங்களில் ‘கோஸ்ட் போடு’ என்பது ஒரு வினைச்சொல்லாகவே புழங்கிய காலம் உண்டு. அந்த நார்ட்டன் கோஸ்ட்டின் விற்பனை 2013 ஏப்ரலோடு நின்றது. விண்டோஸ் 7இல் உள்ளேயே வந்த சிஸ்டம் இமேஜ் வசதியை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017இல் அறிவித்தது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு ஓய்வுபெற்றது. அக்ரோனிஸ், வீம் போன்றவையும், தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான இலவச மென்பொருளான க்ளோன்சில்லாவும் இன்று புழக்கத்தில் உள்ளன.

இந்த வரலாற்றுக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. மென்பொருள் ஓய்வுபெறும், இமேஜ் கோப்பு பெட்டியில் கிடக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் இமேஜும் தனி வடிவம். அதைத் திறக்க அந்த நிறுவனத்தின் சாவிதான் வேண்டும். ஆகவே இமேஜோடு கூடவே அதை எடுத்த மென்பொருளின் இன்ஸ்டாலரையும், அதன் மீட்பு பென் டிரைவையும் சேர்த்து வைப்பது முதல் ஒழுங்கு.

ஒரு இமேஜ் பிறப்பதிலிருந்து பயன்படுவது வரை ஐந்து கட்டங்கள்: உறையவைத்தல், படித்தல், எழுதுதல், சரிபார்த்தல், மீட்டல். பழுது எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடையை மூடாமல் இருப்பு எடுப்பது

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை நகலெடுப்பது, கடையை மூடாமலே சரக்கு இருப்பு எடுப்பது போன்றது. நீங்கள் முதல் அலமாரியை எண்ணிக் கடைசி அலமாரிக்கு வருவதற்குள் முதல் அலமாரியில் பாதி விற்றுப் போயிருக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்ததுதான் வால்யூம் ஷேடோ காப்பி சேவை. வழக்கில் விஎஸ்எஸ் என்பார்கள்.

அது செய்வது இதுதான். டேட்டாபேஸ் போன்ற மென்பொருள்களிடம், ‘கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டு ஒரு கணம் நில்லுங்கள்’ என்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டு நடக்கும் பகுதிகளுக்கு ரைட்டர் என்று பெயர். அவை அதிகபட்சம் 60 வினாடிதான் அப்படி நிற்கலாம். வட்டில் எழுதுவதை நிறுத்திவைக்கும் அந்தக் கணம் 10 வினாடியைத் தாண்டக் கூடாது. அதற்குள் அந்த நொடியின் நிலை குறித்துவைக்கப்படும். பிறகு கடை வழக்கம்போல் நடக்கும். ஏதாவது ஒரு பகுதி மாறப் போகிறது என்றால் அதன் பழைய உள்ளடக்கம் முதலில் ஒதுக்கிடத்துக்குப் போகும். அதன் பிறகே புதியது எழுதப்படும். பேக்கப் மென்பொருள் படிப்பது இந்த உறைந்த காட்சியை.

பிழைச் செய்திகளில் பெரும் பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஒரு ரைட்டர் குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்றால் முழு பேக்கப்பும் நின்றுவிடும். கட்டளைச் சாளரத்தில் விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் என்று கொடுத்தால், எந்த ரைட்டர் தோற்றது என்ற பட்டியல் வரும். பெயர் தெரிந்தால் அதற்குரிய சேவையை மட்டும் மறுபடி தொடக்கினால் போதும்; கணினியையே ரீஸ்டார்ட் செய்வதும் பல சமயம் தீர்த்துவைக்கும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பேக்கப் மென்பொருள்கள் இருந்து, ஒன்றின் நேரத்தில் மற்றொன்று ஓடினாலும் இதே பிழை வரும். பழைய மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் டிரைவர் உள்ளே ஒட்டிக்கொண்டு தொல்லை தருவதும் உண்டு.

இடப் பற்றாக்குறை இன்னொரு காரணம். ‘சி டிரைவில் 200 ஜிபி காலி, ஆனால் இடமில்லை என்கிறதே’ என்று குழம்பாதவர்கள் குறைவு. அது சொல்வது சி டிரைவை அல்ல. விண்டோஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும், நம் கண்ணில் படாத சிறு பார்ட்டிஷனை. 500 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷனில் 50 எம்பியும், அதற்கு மேற்பட்டதில் 320 எம்பியும் காலியாக இருந்தால்தான் ஷேடோ காப்பி உருவாகும். மீட்புப் பகுதி கொஞ்சம் நிரம்பிவிட்டால் 80780119 என்று முடியும் எண்ணோடு பேக்கப் முரண்டுபிடிக்கும். அந்தப் பார்ட்டிஷனைச் சற்றுப் பெரிதாக்கினால் பிழை மறைந்துவிடும். இதில் பேக்கப் மென்பொருளின் குற்றம் எதுவும் இல்லை.

வட்டைப் படிக்கும்போது

அன்றாட வேலையில் நாம் வட்டின் சிறு பகுதியைத்தான் தொடுகிறோம். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாண வீடியோ இருக்கும் மூலையில் செக்டர் கெட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. இமேஜ் எடுக்கும் மென்பொருளோ தகவல் உள்ள எல்லாப் பகுதியையும் படித்தாக வேண்டும். அதனால் வட்டின் நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதுதான். சிஆர்சி பிழை, பிழை எண் 23, படிக்க இயலவில்லை என்றெல்லாம் அது சொன்னால், அதை நிறுத்தி வேறு மென்பொருளுக்கு மாறுவது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியது, வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் பார்ப்பது. இதைக் காட்டும் இலவசக் கருவிகள் பல உண்டு. 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கிவிட்டால் வட்டின் நாட்கள் எண்ணப்படுகின்றன. 199 மட்டும் ஏறினால் நிம்மதி: அது பெரும்பாலும் சாட்டா கேபிளின் கோளாறு, நூறு இருநூறு ரூபாயில் தீரும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று பெரும் விலை கொடுக்கவைக்கிறது. பிழை வந்ததும் செக்டிஸ்க் கட்டளையை முழுச் சோதனையோடு ஓடவிடுகிறார்கள். நல்ல வட்டில் அது சரி. செத்துக்கொண்டிருக்கும் வட்டில், மிச்சமிருக்கும் உயிரை மணிக்கணக்காக உலுக்கி எடுத்துவிடும். கோப்புகளின் பட்டியலையும் மாற்றி எழுதிவிடும். முதலில் கிடைப்பதையெல்லாம் நகலெடுத்துவிட வேண்டும். சிகிச்சையை நகலின் மேல் செய்ய வேண்டும். இதற்கென்றே அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்கியூ இருக்கிறது. அது முரண்டுபிடிக்கும் பகுதியோடு மல்லுக்கட்டாமல் நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும். எங்கே விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை இந்த முன்னெச்சரிக்கையை அதிகம் நம்ப முடியாது. சுழலும் வட்டு முனகிச் சாகும். எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

எழுதும் இடத்தில்

மூலம் நலமாக இருந்தாலும் நகல் போய்ச் சேரும் இடம் சரியில்லாமல் போகலாம். நாலு ஜிபி வந்ததும் நின்றுவிடுகிறது என்றால் அந்த வெளி வட்டு ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினால் தீரும்; மாற்றினால் உள்ளே இருப்பது அழியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வட்டு காணாமல் போகிறது என்றால் வரிசையாகச் சந்தேகிக்க வேண்டியவை: யுஎஸ்பி கேபிள், மின்சாரம் பகிரும் ஹப், கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளை, வட்டைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பு. பின்பக்கத் துளையில் வேறு கேபிளோடு நேரடியாகச் சொருகிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஐந்து நாள் மென்பொருளோடு போராடியவர்கள் உண்டு.

வேகமும் ஒரு சாட்சி. 500 ஜிபி இமேஜ் நாலு மணி நேரம் பிடிக்கிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 35 எம்பி. அது யுஎஸ்பி 2 தரும் நடைமுறை வேகம். வட்டு யுஎஸ்பி 3 ஆனாலும் துளையோ கேபிளோ பழையது என்று அர்த்தம். தொடக்கத்தில் வேகமாக ஓடிப் பாதியில் நத்தையாகிறது என்றால், ஓட்டின் மேல் ஓடு அடுக்குவது போலத் தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டாக இருக்கலாம். தொடர்ந்து எழுதினால் அவை மூச்சுவாங்கும்.

மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யுபிஎஸ் கணினிக்கு இருக்கும். தனி அடாப்டரில் ஓடும் வெளி வட்டுக்கு இருக்காது. பாதியில் அறுந்த இமேஜ் கோப்பு, பார்க்க முழுதாகவே இருக்கும்.

நகல் சரியா என்று யார் சொல்வது?

நல்ல மென்பொருள்கள் எல்லாவற்றிலும் வெரிஃபை என்ற வசதி உண்டு. எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கெண் போட்டு வைத்து, பிறகு படித்துப் பார்த்து அந்த எண் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. இது தோற்றால் உடனே ‘இமேஜ் கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டத் தேவையில்லை. அந்த வெளி வட்டை வேறொரு கணினியில் சொருகி வெரிஃபை செய்ய வேண்டும். அங்கே தேறினால் இமேஜ் நலம். நோய் முதல் கணினியின் ராமிலோ கேபிளிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே இடத்தில் தோற்றால் இமேஜே கெட்டது. ஒரே கணினியில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தோற்றால் ராமைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டால் உண்மை வெளிவரும். கெட்ட ராமோடு எடுத்த பழைய இமேஜ்களும் சந்தேகத்துக்குரியவை என்பது இதன் கசப்பான பின்பகுதி.

அடுத்தது சங்கிலி. ஞாயிறன்று முழு இமேஜ், மற்ற நாட்களில் முந்தைய நாளிலிருந்து மாறியது மட்டும் என்பது இன்க்ரிமென்டல் முறை. இடம் மிச்சம். ஆனால் செவ்வாய்க்கிழமைக் கண்ணி அறுந்தால் புதன் முதல் சனி வரை எதுவும் திறக்காது. எப்போதும் ஞாயிறோடு ஒப்பிட்டு மாற்றத்தை எடுக்கும் டிஃபரன்ஷியல் முறைக்கு இடம் அதிகம் வேண்டும். மீட்க இரண்டு கோப்புகள் இருந்தால் போதும். ‘இது பழைய கோப்புதானே’ என்று இடத்துக்காகக் கையால் அழித்து முழுச் சங்கிலியையும் கொல்வது அடிக்கடி நடக்கும் விபத்து. பழையதை நீக்கும் வேலையை மென்பொருளிடமே விட்டுவிட வேண்டும்.

வெரிஃபை தேறியது என்றால் எழுதியது எழுதியபடி இருக்கிறது என்று மட்டுமே பொருள். மூலமே கெட்டிருந்தால் கெட்டதன் உண்மை நகல் நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து கணினி கிளம்புமா என்பது இன்னொரு கேள்வி.

மீட்கும் நாள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இமேஜ் கறிக்கு உதவுமா என்று தெரிவது, புது வட்டில் அதை இறக்கும் நாளில்தான். அந்த நாளில் பதற்றமும் கூடவே இருக்கும். எனவே இந்தக் கட்டத்தின் கோளாறுகளை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் தடை: மீட்பு பென் டிரைவில் கிளப்பினால் கணினியின் வட்டே தெரியாது. பல இன்டெல் மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இடைத்தரகர் வழியாக இணைந்திருக்கும். விண்டோஸுக்குள் அதன் டிரைவர் உண்டு. பென் டிரைவில் இருக்காது. டிரைவரைச் சேர்த்து பென் டிரைவை மறுபடி உருவாக்குவதுதான் வழி. அதை உருவாக்கிய அன்றே ஒரு முறை கிளப்பிப் பார்த்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாவது: மீட்பு நூறு சதவீதம் முடிந்தது, ஆனால் விண்டோஸ் கிளம்பவில்லை. பழைய பயாஸ் முறையில் எடுத்ததைப் புதிய யுஇஎஃப்ஐ முறையில் கிளப்பப் பார்த்தாலோ, அதன் மறுதலையாகவோ இப்படி ஆகும். முதலில் கணினியின் பூட் முறையைப் பார்க்க வேண்டும். அது சரியென்றால் பூட் பட்டியல் சிதைந்திருக்கும். மீட்பு மென்பொருள்களிலேயே ‘பூட் சரிசெய்’ என்ற பொத்தான் உண்டு. இல்லாவிட்டால் விண்டோஸின் பிசிடிபூட் கட்டளை பூட் கோப்புகளைப் புதிதாக எழுதித்தரும். நீலத்திரையில் 7பி என்ற எண் வந்தால் பூட் பட்டியல் சரி. விண்டோஸ் எழுந்து பார்த்தபோது வட்டைப் பேசவைக்கும் டிரைவர் கையில் இல்லை. வேறு மதர்போர்டுக்கு மாறும்போது இது சகஜம்.

மூன்றாவது: அளவு. விண்டோஸின் சொந்தக் கருவி, மூலத்தைவிடச் சிறிய வட்டில் இறக்க மறுக்கும். உள்ளே 100 ஜிபிதான் இருந்தாலும் சரி. ‘இரண்டுமே 1 டெராபைட்’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சில எம்பி வித்தியாசம் இருக்கலாம். வணிக மென்பொருள்கள் பல, பார்ட்டிஷனைச் சுருக்கி இறக்கும். ஒரு செக்டருக்கு 512 பைட் உள்ள வட்டின் இமேஜை 4096 பைட் வட்டில் இறக்குவது எல்லா மென்பொருளாலும் ஆகாது. பழைய எம்பிஆர் பிரிவினை முறை 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. பெரிய வட்டில் இறக்கிவிட்டு மிச்ச இடம் எங்கே என்று தேடுபவர்களுக்கு விடை அதுதான்.

நான்காவது: இரட்டையர் சிக்கல். க்ளோன் எடுத்த வட்டுக்கும் மூலத்துக்கும் அடையாள எண் ஒன்றே. இரண்டையும் ஒரே சமயத்தில் இணைத்தால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். க்ளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய வட்டைக் கழற்றிய பிறகே முதல் முறை கிளப்ப வேண்டும்.

ஐந்தாவது: பூட்டு. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் தானாகவே வட்டைப் பூட்டிவிடுகிறது. மீட்பு பென் டிரைவில் கிளப்பினால் 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்கும். ‘நான் பூட்டவே இல்லையே’ என்பார் உரிமையாளர். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கும். அதைத் தாளில் எழுதி பீரோவில் வைத்தால் இன்னும் நல்லது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஓடும்போது எடுத்த இமேஜ் பூட்டில்லாமல்தான் எழுதப்படும். பூட்டிய வீட்டின் பொருட்களெல்லாம் திண்ணையில் கிடப்பது போல. இமேஜுக்குத் தனிக் கடவுச்சொல் கட்டாயம்.

சத்தம் போடாத பழுதுகள்

இதுவரை பார்த்தவை சத்தம் போடும் பழுதுகள். சிவப்பு எழுத்து, பிழை எண், நீலத்திரை. எரிச்சலூட்டினாலும் இவை நல்ல சகுனங்கள்; நேரத்தில் சொல்லிவிடுகின்றன. பெரிய நாசங்களின் கதையை எடுத்துப் பார்த்தால் அங்கே யாரும் பிழைச் செய்தியைப் பார்க்கவே இல்லை.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், தினசரி பேக்கப் போய்ச்சேர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2 பதிப்பு. பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க மின்னஞ்சலும் போய்க்கொண்டிருந்தது. கையொப்பம் சரியில்லை என்று அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்காமல் விட்டது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தகவல்கள், அவற்றில் சுமார் 5,000 புராஜெக்ட்களின் பதிவுகள், திரும்பவில்லை. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கணினியில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே பேக்கப் ஸ்கிரிப்டே அழிவின் கருவியானது. பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்டைத் திருத்தி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலெழுதினார்கள். பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படிக்கப்பட்ட அந்த ஸ்கிரிப்ட், எதை அழிப்பது என்ற மாறி வெறுமையாக இருக்க, ஆய்வாளர்களின் கோப்புகளையே அழிக்கத் தொடங்கியது. இரண்டு நாளுக்குள் சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் நான்கு குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. அமைப்பை வழங்கிய எச்பிஇ நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டெராபைட் எரிந்தது. அதற்கு வெளியே பேக்கப்பே இல்லை. அளவு மிகப் பெரியது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

முதலாவதில் தோல்விச் செய்தி யாரையும் சேரவில்லை. இரண்டாவதில் நகலெடுக்கும் ஏற்பாட்டுக்கே மூலத்தை அழிக்கும் அதிகாரம் இருந்தது. மூன்றாவதில் நகல் என்று ஒன்றே இல்லை. மூன்றிலும் பொது: நெருக்கடி வரும்வரை எந்தப் பிழைச் செய்தியும் யார் கண்ணிலும் படவில்லை.

நம் கணக்குப்பிள்ளைக்கு

இது பெரிய நிறுவனங்களின் கவலை என்று சிறு அலுவலகங்கள் ஒதுங்க முடியாது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை பணப்பறிப்பு நிரல், கோப்புகளைப் பூட்டியதோடு விண்டோஸின் ஷேடோ காப்பிகளையும் அழித்தது. எப்போதும் சொருகியே கிடக்கும் வெளி வட்டும் அத்தகைய நிரலுக்கு இன்னொரு டிரைவ்தான். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நெகடிவ் இல்லாத காலத்தில் படம் தொலைந்தால் தொலைந்ததுதான் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இப்போது கேட்கிறது. இந்திய நிறுவனச் சட்டப்படி கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் காப்புநகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் வைக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் ‘அவ்வப்போது’ என்று இருந்தது. தினமும் எடுக்கச் சொல்லும் விதி இருக்கிறது. எடுத்தது திறக்கிறதா என்று பார்ப்பதை நம்மிடம்தான் விட்டிருக்கிறது.

தீர்ப்பு

தொடங்கிய கேள்விக்கு வருவோம். பேக்கப் மென்பொருள் குற்றவாளியா? சில சமயம் ஆம். புதுப் பதிப்புகளில் பிழைகள் வருவதுண்டு. ஆனால் மேலே பார்த்த ஐந்து கட்டங்களிலும் பெரும்பாலான பழுதுகள் வட்டிலும் கேபிளிலும் ராமிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பார்ட்டிஷனிலும் நம் மறதியிலும் இருக்கின்றன. மென்பொருள் அவற்றைச் சொல்லும் தூதுவன். பிழை வந்தால் அதன் எண்ணை அப்படியே எழுதிவையுங்கள். உறையவைக்கும்போதா, படிக்கும்போதா, எழுதும்போதா என்று லாக் கோப்பில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒன்றாக மாற்றினால் சரியானது எதனால் என்று தெரியாது. அடுத்த முறையும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

பிழையே வராதவர்களுக்குத்தான் கூடுதல் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போன வாரத்து இமேஜைத் திறந்து, அதிலிருந்து ஒரு கணக்குக் கோப்பையும் ஒரு படத்தையும் வேறிடத்தில் எடுத்து, திறந்து பாருங்கள். வருஷத்தில் ஒரு முறை, பழைய உதிரி வட்டு ஒன்றில் முழு இமேஜையும் இறக்கி, கணினி கிளம்புகிறதா என்று பாருங்கள். பார்த்த தேதியை ஒரு சிறு தாளில் எழுதி வெளி வட்டின் மேல் ஒட்டுங்கள்.

நகல் பரிசோதகரின் கையெழுத்து அதுதான். அந்தத் தாள் இல்லாத வட்டை பேக்கப் என்று சொல்லாதீர்கள்.